மொடுப்பே வீட்டு முன்ஹால் பூசணம்

மொடுப்பே பெக்லி வீட்டு முன்ஹால் வருஷத்துக்கு எட்டு நாள் திறந்தா அதிகம். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பாதிரியார் வர்ற நாள், யாராவது செத்து துக்கம் கேட்க வர்ற நாள். மத்த நாளெல்லாம் கதவு பூட்டி, ஜன்னல் சாத்தி, ரெண்டு அடுக்குத் திரை தொங்கும். சோபா வாங்கி வந்த அன்னிக்கு மேல போட்டிருந்த பிளாஸ்டிக் உறை இன்னிக்கும் அதுமேலதான் இருக்கு. வீட்டு ஆளுங்க பின்பக்கம் சமையல்கட்டுல, முழங்காலும் முழங்காலும் இடிக்க உக்காந்து சாப்பிடுவாங்க. ஃப்ரீடவுன் பட்டணத்துல அவ தெருவுல எல்லா வீட்டுலயும் இதே கூத்துங்கறதால, யாருக்கும் இது கிறுக்குத்தனமாத் தோணினதில்ல.

முப்பது வருஷத்துல அஞ்சு வாடகை வீடு பார்த்தவ மொடுப்பே. அஞ்சுக்கும் கூடவே போனது ஒரு கண்ணாடி அலமாரி. ஆறு ஆள் தூக்கணும். புது வீட்டுக்குள்ள கால் வச்சதும், நல்ல சுவராப் பார்த்து அதை ஒட்ட நிறுத்திட்டுத்தான் புருஷன் எங்க படுக்கறதுன்னு யோசிப்பா. புருஷன் சன்னி போஸ்ட் ஆபீஸ்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அலமாரியைப் பத்தி அவர் ஒண்ணும் சொன்னதில்ல. எதைப் பத்தியுமே ஒண்ணும் சொன்னதில்ல.

அந்த ஆகஸ்ட்ல மழை வந்து உக்காந்தது, எழுந்திருக்கவே இல்ல. துவைச்ச துணி மூணு நாளைக்கு அப்புறமும் ஈரத்தோட நாறும். சன்னியோட ஞாயித்துக்கிழமை ஷூவுல பச்சையா பொடி பூத்து, பார்க்க வெல்வெட் மாதிரி இருந்தது. இதுக்கு நடுவுலதான் மக ஐயாமிடேக்கு நிறுத்துச் சடங்கு குறிச்சாங்க. பையன் வீட்டார் சுரைக்குடுக்கையில பைபிள், மோதிரம், ஊசி நூல், கோலாக் கொட்டை எல்லாம் வச்சுக் கொண்டுவந்து கொடுத்து, இனிமே இந்தப் பொண்ணை வேற யாரும் கேட்டு வரக்கூடாதுன்னு நிறுத்தி வைக்கிற நாள். மூணு வாரம்தான் இருந்தது. நடக்கப்போறது முன்ஹால்ல.

மொடுப்பே சாவியை எடுத்துக்கிட்டுப் போய்க் கதவைத் திறந்தா. திறந்த வேகத்துல சாத்தினா.

"அம்மா, உள்ள என்ன செத்துக் கிடக்கு?"ன்னு கேட்டா ஐயாமிடே.

"ஒண்ணும் சாகல. எல்லாம் உயிரோடதான் இருக்கு. அதான் பிரச்சினை."

தலைத்துணியை அவிழ்த்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கிட்டு உள்ள போனாங்க. அலமாரிக்குப் பின்னாடி சுவர் பூரா கறுப்புப் புள்ளி. திரையோட அடிப்பக்கம் சாம்பல் நிறம். வாசக்கதவு மூலையில, வீட்டுச் சொந்தக்காரர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அடிச்சுக்கொடுத்த நீல பெயின்ட் தோல் மாதிரி உரிஞ்சு தொங்கினது. அடியில பழைய பூசணம் அப்படியே இருந்தது. பூசணத்தைக் கழுவாம அதுமேலயே பெயின்ட் அடிச்சிருக்கார், குளிக்காம பவுடர் போட்ட மாதிரி.

"அபியோடுனோட அத்தை வருவாங்களேம்மா"ன்னு அழுற குரல்ல சொன்னா ஐயாமிடே. அபியோடுன்தான் மாப்பிள்ளைப் பையன். அவன் அத்தை மிஸ் டெக்கர், ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. அந்தம்மா மூக்குக்கு நாலு தெரு தள்ளித் தீயற சோறுகூடத் தெரியும். வீடு நாறினா பொண்ணும் அப்படித்தான்னு வாய்விட்டே சொல்லிட்டுப் போற ஜாதி.

"வரட்டும். மூணு வாரம் இருக்குல்ல?"

வீட்டுச் சொந்தக்காரர் பா வைஸ் ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆனா ஒரு வருஷ வாடகையை முன்னாடியே வாங்கிட்ட மனுஷன் முகத்தை அடுத்த வருஷம்தான் பார்க்க முடியும். மூணு தடவை ஆள் அனுப்பின பிறகு, குடையும் கோட்டுமா வந்து வாசல்லயே நின்னார்.

"மிஸஸ் பெக்லி, இது நீங்க பண்ற வேலை. நாள் பூரா அடுப்புல எதையாவது கொதிக்க வைக்கிறீங்க. ஆளுங்க விடற மூச்சுதான் சுவர்ல ஏறிப் பூசணமாகுது."

"அப்ப மூச்சு விடாதவங்களுக்கு வாடகைக்கு விடுங்க, பா வைஸ். கல்லறையில நிறையப் பேர் சும்மாத்தான் இருக்காங்க."

"ஜன்னலைத் திறந்து வைக்கணும். அலமாரியை இப்படிச் சுவரோட ஒட்டி வச்சா?"

"சரி, அது என் தப்பு. ஒத்துக்கறேன். அந்த மூலை? மேல பாருங்க. கூரைத் தண்ணி வடியற தூம்பு உடைஞ்சு மழைத்தண்ணி பூரா சுவர்லதான் வழியுது. அதுவும் என் மூச்சா?"

பா வைஸ் மேல பார்க்கல. பார்த்தா சரிபண்ணணுமே. "மழை விடட்டும், பார்க்கலாம்"னுட்டுக் குடையை விரிச்சார். ஃப்ரீடவுன்ல ஆகஸ்ட்ல மழை விடட்டும்னா என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும்.

மொடுப்பே திட்டினா. நல்லாவே திட்டினா, ஆனா வேலையை நிறுத்தல. அலமாரியை ஆறு ஆள் வச்சு நகர்த்தி, சுவருக்கும் அதுக்கும் நடுவுல கை நுழையற அளவு இடம் விட்டா. ஐயாமிடே காய்ஞ்ச துடைப்பத்தோட வந்ததும் பிடுங்கி வீசினா.

"காய்ஞ்சதைத் தட்டினா பொடி பறந்து வீடு பூரா குடித்தனம் வைக்கும். நனைச்சுட்டுத் தேய். ஒரு சுவருக்கு பிளீச் தண்ணி, இன்னொரு சுவருக்கு வினிகர்னு எடுத்துட்டு வராத. ரெண்டும் கலந்தா சடங்குக்குப் பதிலா சாவுக்குத்தான் ஹாலைத் திறக்கணும்."

திரையை வெந்நீர்ல ஊற வச்சாங்க. ஊறிப்போன சோபா மெத்தை ஒண்ணைத் தூக்கிப் போட்டாங்க. ஜன்னல் ரெண்டையும் திறந்து, நடுவுல கரி அடுப்பு வச்சா. ஜன்னல் சாத்திட்டு அடுப்பு வச்ச ஒருத்தி போன வருஷம் மயங்கி விழுந்ததை ஐயாமிடேகிட்ட நூறு தடவை சொன்னா. அலமாரித் தட்டுல எல்லாம் சட்டியில கரித்துண்டு போட்டு வச்சா, ஈரத்தை அது குடிக்கட்டும்னு. மழை கொஞ்சம் ஓஞ்சா கதவைத் திறப்பா, வலுத்தா சாத்துவா. அந்த வீட்டுக்குக் குடி வந்த பன்னிரண்டு வருஷத்துல முதல் தடவையா அந்த ஹாலுக்குள்ள காத்துன்னு ஒண்ணு வந்தது.

ரெண்டாவது வாரக் கடைசியில மூணு சுவர் சுத்தமாச்சு. வாசக்கதவு மூலை மட்டும் தேய்ச்ச மறுநாளே கறுத்தது. அவ தேய்ப்பா, தூம்பு ஊத்தும். திரும்பத் தேய்ப்பா, திரும்ப ஊத்தும்.

"ஒரு துணியைத் தொங்க விட்டுடலாம்மா. மறைஞ்சுடும்"னா ஐயாமிடே.

"மறைச்சா அதுக்குள்ள இன்னும் சுகமா வளரும். மறைச்சு மறைச்சுத்தானே இந்த கதி வந்தது."

வியாழக்கிழமை ஐயாமிடே வெளியே இருந்து வந்தா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருந்தது.

"அம்மா, கோபப்படாத. அபியோடுன் வீட்டு சார்பா பேச வர்றது யாருன்னு தெரியுமா? பா வைஸ். சர்ச்ல அவர் குரல்தான் கணீர்னு இருக்குன்னு கேட்டிருக்காங்க."

மொடுப்பே பாத்திரத்தைக் கீழ வச்சா. அப்புறம் சிரிச்சா பாருங்க, சமையல்கட்டுல இருந்த பூனை எழுந்து ஓடிடுச்சு.

"நம்ம சார்பா கதவுல நின்னு பேச சன்னியோட பெரியம்மாவைச் சொல்லியிருந்தேன்ல? அவங்களுக்குக் காது கேட்காது, பாவம். நானே பேசறேன்."

"அம்மா, சண்டை போட்டுடாத. என் கல்யாணம்மா!"

"சண்டை ஏன்டி? வழக்கப்படிதான் பேசுவேன்."

வழக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பையன் வீட்டார் தட்டினா உடனே கதவைத் திறக்கக் கூடாது. யாருன்னே தெரியாத மாதிரி கேட்கணும். அவங்க கெஞ்சணும், பாடணும், வாதாடணும். பேச வந்தவர் எல்லாருக்கும் முன்னாடி, கதவை ஒட்டி நிக்கணும். நகரக் கூடாது, கோபப்படக் கூடாது.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மழை பிச்சுக்கிட்டு ஊத்தினது. பாட்டுச் சத்தத்தோட ஊர்வலம் வந்து நின்னது. சொந்தக்காரங்க எல்லாம் குடைக்குள்ள. மூணு தடவை தட்டணும்னு பா வைஸ் குடையைப் பக்கத்து ஆள்கிட்டக் கொடுத்துட்டு, கஞ்சி போட்ட வெள்ளை அங்கியோட முன்னாடி வந்தார். சரியா உடைஞ்ச தூம்புக்கு அடியில.

"யாரு?"ன்னா மொடுப்பே உள்ளே இருந்து.

"நாங்க தூரத்துல இருந்து வர்ற வழிப்போக்கர்கள். இந்த வீட்டுத் தோட்டத்துல ஒரு ரோஜா இருக்குன்னு..." தூம்பு மொத்தமா அவர் தொப்பி மேல ஊத்தினது. "...கேள்விப்பட்டு வந்தோம்!"

"வழிப்போக்கரா? இந்த வீட்டுப் பக்கம் உங்களை யாரும் பார்த்ததே இல்லையே?"

"இல்ல... நாங்க நல்லவங்க!"

"என்ன, குரல் நடுங்குது?"

"மழை! மழைத்தண்ணி!"

"மழையா? எங்க வீட்டுச் சொந்தக்காரர் மழைத்தண்ணி இந்தச் சுவர்ல வழியலன்னுதானே சொல்லியிருக்கார். நாங்க விடற மூச்சுதான்னு சொன்னார்."

குடைக்கு அடியில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. மிஸ் டெக்கர் குரல் கேட்டது: "அந்தப் புண்ணியவான் யாரு, இந்தத் தூம்பைப் பார்க்காதவரு?"

பா வைஸ் தொப்பியைக் கழட்டித் தண்ணியைக் கொட்டினார்.

"நான்தான்"னார் பா வைஸ். அவர் வாய்க்குள்ளயே தண்ணி போச்சு. "மிஸஸ் பெக்லி! வர்ற திங்கக்கிழமை தூம்பு மாத்தறேன்! இவ்வளவு பேர் சாட்சி! கதவைத் திறங்க!"

"வழிப்போக்கருக்கும் தூம்புக்கும் என்ன சம்பந்தம்?"

"அம்மா!"ன்னு உள்ளே இருந்து ஐயாமிடே கத்தினா. மொடுப்பே கதவைத் திறந்தா.

பா வைஸ் உள்ள வந்து நின்ன இடத்துல குளமாச்சு. அவருக்குத் துண்டு கொடுத்தா, சூடா இஞ்சித் தண்ணி கொடுத்தா. அதுலயெல்லாம் மொடுப்பே குறை வைக்க மாட்டா. வழக்கப்படி முதல்ல வேற ரெண்டு பொண்ணுங்களைக் கூட்டி வந்து, "இந்த ரோஜாவா?"ன்னு கேட்டாங்க. பல்லு அடிச்சுக்கிட்டதுல பா வைஸ் முதல் பொண்ணுக்கே தலையாட்டிட்டார். அபியோடுன் பாவம், பதறிப்போய்த் தொண்டையைச் செருமினான். மூணாவதா ஐயாமிடே வந்தப்புறம்தான் அவனுக்கு மூச்சு வந்தது.

சுரைக்குடுக்கை கைமாறினதும் மிஸ் டெக்கர் எழுந்து ஹாலைச் சுத்தி வந்தாங்க. மோந்து பார்த்தாங்க. அலமாரிக்குப் பின்னாடி விரலை விட்டுப் பார்த்தாங்க, விரல் சுத்தமாத்தான் வந்தது. கடைசியில கறுத்த மூலைக்கிட்ட நின்னாங்க. ஐயாமிடே கண்ணை மூடிக்கிட்டா.

"இதை ஒரு துணி போட்டு மறைச்சிருக்கலாமே?"

"மறைச்சா போகாதுங்க. தூம்பு மாத்தினா போகும்."

மிஸ் டெக்கர் மொடுப்பேயைப் பார்த்தாங்க, சொட்டச் சொட்ட உக்காந்திருந்த பா வைஸைப் பார்த்தாங்க. "என் வீட்டுலயும் இதேதான். நான் பத்து வருஷமா மறைச்சு வச்சிருக்கேன்"னு மெதுவாச் சொல்லிட்டு, தக்காளி போட்டு ஆக்கின ஜோலோஃப் சோறு இன்னொரு தட்டு கேட்டாங்க.

திங்கக்கிழமை ஆசாரி வந்தார். ஏணியைப் பிடிச்சுக்கிட்டு மப்ளர் சுத்தின பா வைஸ் தும்மிக்கிட்டே நின்னார். தூம்பு மாறினதும் மொடுப்பே அந்த மூலையைக் கடைசித் தடவையாத் தேய்ச்சா. மறுநாள் அது கறுக்கல. அதுக்கு அடுத்த நாளும் கறுக்கல.

இப்ப அவ வீட்டு முன்ஹால் தினமும் திறந்திருக்கு. சாயங்காலம் சன்னி அங்க உக்காந்து பேப்பர் படிக்கறார், ஜன்னல்ல காத்து வருது. சோபா பிளாஸ்டிக் உறையை மட்டும் மொடுப்பே கழட்டல. எதுக்கும் ஒரு அளவு இருக்கு.