பிள்ளையார் இருந்த பங்கர்

பக்கத்து வளவுப் பிள்ளையிலை எனக்கு இருந்த எரிச்சல் இண்டைக்கும் முழுக்கப் போகேல்லை. இப்ப சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொல்லுறன், கேளுங்கோ.

பொம்மர் பிளேன் வந்து குண்டு போடுற காலம். வளவுக்கு வளவு நிலத்துக்கை பதுங்கப் பங்கர் வெட்டியிருந்தம். எங்கடைதான் ஒழுங்கையிலையே பெரிசு. மேலை பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேலை மண்மூட்டை. காலை நீட்டி இருக்கலாம். ஆனால் ஆர் வந்தது? சனமெல்லாம் அந்த வேதக்காரப் பிள்ளையின்ரை எலிப்பொந்துப் பங்கருக்குத்தான் விழுந்தடிச்சு ஓடும். அங்கை அவ யேசுவின்ரை ஞானப்பாட்டுப் படிப்பா. வெளியிலை குண்டு விழும், உள்ளுக்கை பாட்டு நடக்கும். எங்கடை சைவச் சனமும் சேர்ந்து படிக்குங்கள். என்ன குரல் எண்டுறியள், பனம்பாணி ஊத்தின மாதிரி! கேட்கக் கேட்க எனக்கு வயிறு பத்தும். என்ரை மனுசன், முழங்கால் ஏலாது எண்டு கிணத்தடிக்கும் நடக்கமாட்டார். பொம்மர் சத்தம் கேட்டால் வேலிப் பொட்டுக்குள்ளாலை அங்கை பாய்ஞ்சிடுவார்.

"சொந்தப் பங்கர் கிடக்க உங்கை என்னப்பா வேலை?"

"உன்ரை பங்கருக்கு வரக் கால் கழுவோணும். பொம்மர்காரன் பொறுப்பானே?"

அதுவும் உண்மைதான். உள்ளுக்கை பிள்ளையார் படம் வைச்சு, சாணியாலை மெழுகி, வாசலிலை ஒரு குடம் தண்ணியும் வைச்சிருந்தன். கால் கழுவாமல் இறங்கப்படாது, மீன் திண்டிட்டு வரப்படாது. சாமி இருக்கிற இடமெல்லோ! கடைசியிலை நானும் பிள்ளையாரும் தனிய. தனிய இருந்தால் பயத்திலை எனக்குத் தேவாரம் பாதியிலை நிண்டிடும். பாத்துப் படிக்க எழுத்துத் தெரியாது, கோயிலிலை கேட்டுக் கேட்டுப் பிடிச்சதுதான். பக்கத்திலை ஒரு ஆள் இருந்தால் போதும் எண்டு கிடக்கும். வாய் திறந்து கூப்பிட்டனே? இல்லை.

மாரி மழை அடிச்சு ஊத்திச்சுது. அவவின்ரை பள்ளக்காணி, பங்கருக்கை இடுப்பளவு தண்ணி. அண்டைக்கெண்டு பொம்மர் வந்திட்டுது. சனம் எங்கடை வளவுக்கு ஓடி வருது. முன்னுக்கு அவ, இடுப்பிலை கைக்குழந்தை, முழங்கால் மட்டும் சேறு. வாசலுக்கு வந்தவ, சொன்னால் நம்பமாட்டியள், குனிஞ்சு குடத்தைச் சரிச்சுக் கால் கழுவத் தொடங்கிட்டா! மேலை பொம்மர் பதிஞ்சு வருது, பின்னாலை சனம் இடிபடுது.

"எடியே விசரி, உள்ளுக்கை வாடி!"

"அக்கா, உங்கடை சாமியெல்லோ..."

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார், நீ வா!"

கையிலை பிடிச்சு இழுத்தன். குடம் உருண்டுபோச்சு. கடைசியா என்ரை மனுசன், சேத்துக் காலோடை, இளிச்சுக்கொண்டு.

நிலம் ஆடிச்சுது. அவ பயத்திலை குழந்தையை இறுக்கிக்கொண்டு எனக்குக் கிட்ட ஒட்டி இருந்தா. "அக்கா, நீங்கள் தொடங்குங்கோ" எண்டா. தொடங்கினன். வழக்கமா நிக்கிற இடத்திலை நிண்டன். சனம் மிச்சத்தை வாங்கிப் படிச்சுக்கொண்டு போச்சு. எனக்கு முதல்முறையா முழுத் தேவாரமும் முடிஞ்சுது. பேந்து அவவும் மெல்ல மெல்லத் தன்ரை பாட்டை எடுத்தா.

குடத்தைக் கொண்டுபோய் அடுப்படியிலை வைச்சிட்டன். மாரி முழுக்க என்ரை பங்கர் நிறைஞ்சு கிடந்தது. தண்ணி வத்தினாப் பிறகும் சனம் அங்கை திரும்பிப் போகேல்லை, இஞ்சைதான் வந்தது. எனக்கெண்டால் காலே நிலத்திலை படேல்லை!

சனம் ஏன் வந்தது தெரியுமே? அவவும் இஞ்சை வந்திருந்து பாட்டுப் படிச்சதாலை. எரியாதே எனக்கு?