ராசாவுக்காக அழுத ஊர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மிஷின் எல்லாம் நின்றுபோன பனியன் கம்பெனி ஷெட்டில், வாரம் முழுக்கப் பறந்த பஞ்சுத் தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். மிஷின் எண்ணெயும் புதுத் துணியும் கலந்து வாசமடிக்கும். குன்னத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர் "நோம்பி"க்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, போடுகிற நாடகத்துக்கு அந்த ஷெட்டில்தான் ஒத்திகை. வெட்டுத்துணி மூட்டைகளை அடுக்கினால் அதுவே சிம்மாசனம். அதில் ராசாவாக உட்கார்ந்திருப்பவர் என் மாமா, அதாவது அப்பாவின் தங்கை சரசு அத்தையைக் கட்டியவர்.

கதை ஊருக்கே மனப்பாடம். ராணி பின்வாசலில் ஒரு பரதேசிக்குச் சோறு போடுகிறாள். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ராசா அவளை வெட்டிப் போடுகிறான். வந்தவன் சின்ன வயதில் காணாமல் போன அவளுடைய அண்ணன் என்று பிறகு தெரிகிறது. அதற்கப்புறம் அரை மணி நேரம் ராசா அழுவான். அந்த அழுகைக்காகத்தான் ஊர் வருசம் முழுக்கக் காத்திருக்கும். ராணி வேஷம் கட்டுகிற கட்டிங் மாஸ்டர், செத்துக் கிடக்கும்போது மூக்கில் பஞ்சு ஏறித் தும்மிவிடுவார். "ஏனுங் ராணி, செத்த பொறவும் சளி போகலீங்களா?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். ஆனால் மாமா நெஞ்சில் அறைந்துகொண்டு, "என்ற கையே என்ற குலத்தெ அறுத்துப் போட்டுதே" என்று குரலெடுத்தால் சிரிப்பு நின்றுவிடும், கேலி செய்தவர்களே முந்தானையில் மூக்கைச் சிந்துவார்கள்.

நான் ஐந்தாவது படித்த வருசம், நோம்பிக்குக் கொஞ்சம் முன்னால், அத்தை வலது கையில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கம்பெனி வேனில் இடமில்லாமல் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததுதான் மாமா கண்ணில் அவள் செய்த குற்றம். "இனி அந்த ஊட்டுப் படி மிதிக்க மாட்டனுங்கண்ணா" என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்கு அப்போதிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். மாமா வந்து இழுத்துப் போய்விடுவாரோ என்று தாழ்ப்பாளைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்ப்பேன்.

வந்தது மாமா இல்லை, ஊர்ப் பெரியவர். ராசா வேஷம் கட்டுகிறவருக்கு முதல் "அரிதாரம்", அந்த முகப்பூச்சை, அவர் பொண்டாட்டிதான் தன் கையால் தொட்டு வைக்க வேண்டும்; அது இல்லாமல் மேடையேறினால் ஊருக்கு ஆகாது என்பது எங்கள் ஊர் வழக்கம். கோயிலில் காப்பும் கட்டியாகிவிட்டது.

"ஏனப்பா, உன்ற தங்கச்சி ஊடு போய்ச் சேரலீன்னா நோம்பியே நின்னு போகும். ஊருக்கு என்ன பதில் சொல்லப் போறே?" என்றார் பெரியவர். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாதான் கதவோரமாக, "கை ஒடஞ்சு கெடக்குதுங்களே" என்றாள். "கை தானா கூடிக்கும் அம்முணி. நோம்பி வருசத்துக்கு ஒருக்காத்தான் வருது" என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு ஷெட்டின் பின்பக்க ஜன்னலில் போய் நின்றாள். உள்ளே மாமா அழுதுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அத்தையின் கண்ணிலிருந்தும் வழிந்தது. அதைப் பார்த்துவிட்ட பக்கத்து வீட்டுப் பாவாயம்மா வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன அழுகறவருக்கு நெஞ்சுல ஈரமில்லாம இருக்குமா புள்ள? பாரு, உனக்கே கண்ணு நெறஞ்சு போச்சு." வீட்டுக்குத் திரும்பும்போது அத்தை என்னிடம் சொன்னாள்: "ராசாவப் பாத்து அழுதனா, அவரப் பாத்து அழுதனான்னே தெரீல கண்ணு."

அவள் மாமாவிடம் திரும்பிப் போனாள். நோம்பியன்று மாமாவின் நெற்றியில் இடது கையால் அரிதாரம் தொட்டு வைத்தாள். "பீச்சாங்கையில வெக்கறியே புள்ள" என்று பெரியவர் முகம் சுளித்தார். வலது கை ஏன் கட்டோடு தொங்குகிறது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அத்தை செத்துப்போனாள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார் மாமா. குளிப்பாட்டும்போது கழுத்தில் விரல் தடத்தைப் பார்த்த அம்மா, ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள். "போனவ போயிட்டா, வாயெ மூடு" என்றார் அப்பா. அம்மா மூடிக்கொண்டாள். வெளியே மாமா நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார், அதே குரல், அதே ஏற்ற இறக்கம். "பாவம், மனுசன் எப்படி ஒடஞ்சு போயிட்டாருங்க" என்று பெண்கள் தேம்பினார்கள். நான் மட்டும் பாடையையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஒரு தும்மல் வராதா என்று.

கொலைகாரனுக்கும் மனசு உண்டு, அவன் நொறுங்குவதைப் பார்த்து நாம் இரங்குவதற்குத்தான் இந்த மாதிரி நாடகங்கள் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் எட்டாவதோடு கம்பெனிக்குப் போனவள், மறுத்துப் பேசத் தெரியாது. மாமாவின் அழுகை பொய் என்றும் சொல்ல மாட்டேன். நிஜம்தான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது; பொய்யழுகை என்றால் என்றைக்காவது ஒருநாள் பிடிபட்டிருக்கும். ராணிக்கு அந்த நாடகத்தில் கடைசிப் பேச்சு, "சுவாமி, கேளுங்கள்" என்பது. அதற்குமேல் அவளைப் பேச விட்டதில்லை. கொன்றவனுக்கு அரை மணி நேரம் ஒதுக்கின ஊர், செத்தவள் என்ன சொல்ல வந்தாள் என்று ஒரு வருசமாவது கேட்டிருக்கலாம்.

அந்த ஷெட் இப்போது இல்லை, அந்த இடத்தில் வடநாட்டுப் பையன்கள் தங்கும் அறைகள். கட்டிங் மாஸ்டர் காலமாகிவிட்டார், ராணி வேஷத்துக்கு ஆளில்லை. பாட்டுக் கச்சேரிக்கு நேரம் வேண்டுமென்று சோறு போடுகிற காட்சி, வெட்டுகிற காட்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது அழுகை மட்டும். நரைத்த தலையோடு மாமா வெறும் மேடையில் அழ, கடைசியில் பொன்னாடை போர்த்துகிறார்கள்.

அருள்புரத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், போன வாரம் டீ நேரத்தில், ஊரிலிருந்து மாமா அழுகிற வீடியோ என் செல்லுக்கு வந்தது. பக்கத்தில் இருந்த தேனிப் பக்கத்துப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா இப்பிடி அழுகுறாரு?"

"பொண்டாட்டி செத்துப் போச்சு."

"அய்யோ பாவம்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவருதான் கொன்னாரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "நாடகத்துலயாக்கா?"

"ரெண்டுலயும்" என்றேன். பெல் அடித்தது. அவள் எழுந்திருக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், செல்லில் மாமா இன்னும் அழுதுகொண்டிருந்தார்.