குலிஸார் நகர்த்திய கட்டு

குலிஸாருக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. இஸ்தான்புல்லின் உம்ரானியே பக்கம் ஒரு பல்செட் பட்டறையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். அங்கேயும் நின்றபடிதான் அரத்தால் பல்லைத் தேய்ப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்வாள். நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குக் காலில் என்ன சக்கரமா என்று எங்கள் அலெவி சமூகத்து ஆட்கள் கேட்காத நாள் இல்லை. நீளக் கழுத்துள்ள சாஸ் வாத்தியத்தை மடியில் வைத்தால் மட்டும் அடங்குவாள். ஜாஸ்காரர்களோடு சேர்ந்த பிறகு அதுவும் போயிற்று.

சேர்த்துவிட்டவன் தான்குத். கடிகோய் பகுதியில் ஒரு கஃபேயில் சனிக்கிழமை சாயங்காலம் பியானோ வாசிப்பவன். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். எங்கள் பாட்டுகளை அவன் பியானோவோடு சேர்த்து வாசிக்க முடியுமா என்று கேட்டான். இவளும் போனாள். முதல் நாளே தகராறு. எங்கள் பாட்டில் ஒரு ஸ்வரம் உண்டு, பியானோவில் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் விழும். அங்கே அவனிடம் ஒன்றும் கிடையாது. "அக்கா, நீங்க கொஞ்சம் இறங்கி வாங்க. என் பெட்டி அசையாது, உங்க கட்டு அசையும்" என்றான்.

அதுவும் உண்மைதான். சாஸின் கழுத்தில் ஸ்வரங்களுக்குப் போட்டிருப்பது நைலான் நரம்புக் கட்டு. கட்டைவிரல் நகத்தால் தள்ளினால் நகரும். அரிசி அகலம் தள்ளினாள். பியானோ அடியிலிருந்து வந்து சாஸைத் தூக்கியது பாருங்கள், குலிஸாருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பொய் சொல்வானேன், அவள் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் இருந்தாள். சனிக்கிழமை தள்ளுவாள், சாஸ் வாசித்தே கும்பிடும் எங்கள் அலெவி வழிபாட்டுக் கூடத்தில் வாசிக்கும்போது பழைய இடத்துக்கு இழுத்துவிடுவாள். பிறகு அம்மா ஷாசெனெம் படுக்கையில் விழுந்தாள். ஆஸ்பத்திரி, பட்டறை, கடிகோய் என்று ஓடியதில் கூடத்துக்குப் போவது நின்றது. அரை வருடம் கட்டு தள்ளிய இடத்திலேயே கிடந்தது. அம்மா போன பிறகும் அப்படியே.

அம்மா இறந்து ஒரு மாதம் கழித்து, அம்மா ரொட்டி தேய்க்கும்போது பாடும் நாரைப் பாட்டைக் கஃபேயில் வாசித்தாள். டாக்ஸி ஓட்டும் அவள் அண்ணன் ஹிதிர் அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருந்தான். பாட்டுக்கு நடுவில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இவள் கண் வாசலிலேயே இருந்தது.

எட்டு நாள் போன் எடுக்கவில்லை அண்ணன். பட்டறையில் ஒரு முன்பல்லை அளவு தப்பித் தேய்த்துப் பாழாக்கினாள். வீட்டில் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள். ஞாயிறு மதியம் அம்மாவின் நாற்பதாம் நாள் வழிபாடு. கூடத்தில் அண்ணன் என்ன செய்வானோ தெரியவில்லை. எங்கள் வழக்கம் அப்படி. ஒருவருக்கு ஒருவர் மேல் மனக்குறை இருந்தால் வழிபாடு தொடங்காது, பந்தியும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவில் கோதுமைச் சோறும் கறியும் மூடியிருந்தன. வழிபாட்டை நடத்தும் தெதே, வழக்கம்போலக் கேட்டார்: "உயிர்களே, இங்க யாருக்காவது யார் மேலயாவது மனத்தாங்கல் உண்டா?"

ஹிதிர் எழுந்தான். "எனக்கு இருக்கு. என் தங்கச்சி மேல."

குலிஸார் நடுவில் போய் நின்றாள். வலது கால் பெருவிரலை இடது கால் பெருவிரல் மேல் வைத்து, கையைக் கட்டி, தலை குனிந்து நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பழகாதவளுக்கு அது தண்டனை. ஜாஸ் வாசிப்பதுதான் குறையா என்று தெதே கேட்டார். அதில்லை என்றான் ஹிதிர்.

"எங்கேயும் வாசிக்கட்டும், எனக்கென்ன. அம்மா குரல் ஒரு எடத்துல வளையும். இவ அதை நிமித்திட்டா. இஸ்திரி போட்ட மாதிரி. அம்மாவை யாரோ மாதிரி ஆக்கிட்டா."

அப்படி இல்லவே இல்லை என்று குலிஸார் சாதித்தாள். தான் கொண்டுவந்திருந்த சாஸை எடுத்து, நின்றபடியே அந்த வரியை வாசித்தாள். அவள் காதுக்கு அது அம்மாவேதான். நிமிர்ந்து பார்த்தால், பெண்கள் பக்கம் ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி பல் கூசினாற்போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கட்டின் ஞாபகம் வந்தது. ஐயோ என்று நகத்தால் இழுத்தாள். வாசித்தாள். இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அதுவும் இல்லை. மயிரிழை வித்தியாசத்தில் பல் தேய்க்கிற விரல், சொந்த அம்மா பாடிய இடத்தைத் தேடித் தேடித் திணறியது. கேட்டது எல்லாமே சரியாகத் தோன்றியது, எல்லாமே தப்பாகவும் தோன்றியது. பயந்துபோனாள்.

"அண்ணே, எனக்குத் தெரியல. எங்க இருந்ததுன்னு மறந்துடுச்சு" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டியது.

ஹிதிருக்குப் பாட வராது; அவன் வாயைத் திறந்தால் வண்டியில் ஏறியவன் இறங்கிவிடுவான் என்று தெருவே கேலி பேசும். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கரகரத்த தொண்டையில் அந்த ஒரு வரியைப் பாடினான். குலிஸார் கட்டை நகர்த்திக்கொண்டே தந்தியைத் தட்டினாள். அவன் மறுபடி பாடினான். இவள் இன்னும் துளி தள்ளினாள். நான்காம் முறை சாஸும் அவன் குரலும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "ஷாசெனெம்" என்றாள், கூப்பிடுவதுபோல.

குலிஸார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை போறத நிறுத்த மாட்டேன் அண்ணே. அது இல்லாம என்னால முடியாது."

"நிறுத்தச் சொன்னேனா நான்? வா, வாசி. அந்த எடம் வரும்போது உன் பியானோக்காரன் கைய மடியில வெச்சுக்கட்டும். நான் முன்னாடிதான் உக்காந்திருப்பேன். மறுபடி நிமித்தினா அங்கயும் எழுந்து நிப்பேன்."

தெதே மூன்று முறை கேட்டார், மனத்தாங்கல் தீர்ந்ததா, வழிபாடு தொடங்கச் சம்மதமா என்று. மூன்று முறையும் ஹிதிர் சம்மதம் என்றான். மூன்றாவது முறை சொல்லும்போது அவன் குரலே அம்மா குரல்போல வளைந்தது. குலிஸார் கட்டின் மேலிருந்த விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.