வாய் திறக்காத பக்கத்து இருக்கை

லேத் பட்டறை ஒன்றைக் கடக்கும்போது, இரும்பு கடையும்போது ஊற்றும் கூலண்ட் எண்ணெயின் வாடை மூக்கில் ஏறினால் போதும், எனக்கு அந்தப் பஸ் நினைவுக்கு வந்துவிடும். ஓசூரிலிருந்து பெங்களூரு. எல்லையில் அத்திப்பள்ளி வரை தமிழ்ப் பேச்சு, அப்புறம் கன்னடம், நடுநடுவே யாரோ போனில் தெலுங்கு. பக்கத்து இருக்கையில் என் அலுவலகத் தோழி. திருநெல்வேலிக்காரி, கணவரின் ஃபேக்டரி வேலைக்காக ஓசூர் வந்தவள். பாரூர்க்காரனான நான் அவளுக்கு அண்ணாச்சி.

இருவருக்கும் ஒரே பங்குத் தரகு நிறுவனம். வேறு வேறு மாடி. சிப்காட்டில் பல்சக்கரம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றின் பங்குக்கு நாள் முழுக்க இரண்டு விலை சொல்வது என் வேலை. இந்த விலைக்கு வாங்குகிறேன், இந்த விலைக்கு விற்கிறேன். அதிகம் பேர் எட்டிப் பார்க்காத பங்கு அது. விற்க வருகிறவருக்கு வாங்க ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள் நான். இரண்டு விலைக்கும் நடுவிலுள்ள சில்லறைதான் எங்கள் பிழைப்பு.

அதே கம்பெனியை நேரில் பார்த்து, கணக்கைக் கிளறி, வாங்கலாமா விற்கலாமா என்று அறிக்கை எழுதுவது அவள் வேலை. விதிப்படி அது வெளிவரும்வரை அவள் என்னிடம் சொல்லக் கூடாது, நான் கேட்கவும் கூடாது. பஸ்ஸில் ஊர்க்கதை எல்லாம் பேசினோம். அந்தக் கம்பெனியை மட்டும் பேசவில்லை.

ஒரு நாள் காலை அவள் கைப்பையில் கூலண்ட் வாடை. முந்தின நாள் அந்தப் பல்சக்கரக் கம்பெனிக்குப் போயிருக்கிறாள், அறிக்கை வரப்போகிறது. என் கையிலோ வாங்கி வாங்கிச் சேர்ந்துபோன பங்குகள். அவள் பாதகமாக எழுதியிருந்தால் அந்த வருஷச் சம்பாத்தியம் போச்சு. நாக்கு நமநமத்தது. அவள் சொதிக் குழம்புக்குத் தேங்காய்ப்பால் நீர்த்துப்போன கதையைச் சொன்னாள். முழுக்கக் கேட்டேன்.

சந்தை திறப்பதற்குச் சற்று முன் அறிக்கை வந்தது: விற்றுவிடுங்கள். விற்க வந்தார்கள், மொத்தமாக. படிப்படியாக விலையை இறக்கினேன்; வாங்குவதை நிறுத்தவில்லை. சாயந்திரம் பார்த்தால் லாபமெல்லாம் கரைந்திருந்தது. ஆனாலும் ஏனோ மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருந்தது எனக்கு. வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவளும் வாய் தவறவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் அவள் முன்னால் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்து இருக்கையிலிருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

"கோவமா அண்ணாச்சி?"

"நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்பறம் எதுக்கும்மா நின்னுக்கிட்டு வர்ற?"

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவள் ஆட்டோவுக்குத் திரும்பினாள்.

"நாளைக்கும் எனக்கு இடம் போட்டு வைங்க அண்ணாச்சி."

"போட்டு வைக்கறேன். சன்னலோரம் எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்."