பிழைத்த நாரைகளுக்கு அறிக்கை இல்லை

அறுபதுகளின் நடுவில், சேலத்தில் கால்நடை நோய்களை ஆராயும் ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ரத்தம் எடுக்கச் சொல்லித்தரும் முன்பே அறிக்கை எழுதச் சொல்லித்தந்தார்கள். நோக்கம், முறை, கண்டது, முடிவு என்று நான்கு தலைப்பு. அதற்கு வெளியே ஒரு வரி எழுதினாலும் எங்கள் அதிகாரி சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஒழுங்கு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் தலையாட்டினேன்.

மழை பொய்த்த ஒரு வருஷம், மல்லசமுத்திரம் பக்கத்திலிருந்து விவசாயி ஒருவர் இரண்டு கூடைகளில் நாரைகளைக் கொண்டுவந்தார். எல்லாம் உயிரோடுதான் இருந்தன, ஆனால் நிற்க முடியவில்லை. கழுத்து முதுகுப்பக்கம் வளைந்து, வானத்தைப் பார்த்தபடி கிடந்தன.

அவர் ஊர் ஏரிக்கரை மரங்களில் நாரை கூடு கட்டினால்தான் மழை என்பது அங்கே நம்பிக்கை. குஞ்சுகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட ஒரு வெடி வெடிக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் நாரைகள் கொத்துக் கொத்தாக விழுந்தால் சும்மா விடுவார்களா? ஏரிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இவர். கடலைச் செடியில் கம்பளிப்பூச்சிக்கு மருந்துத் தூள் வாங்கித் தூவியவரும் ஊரில் இவர் ஒருவர்தான். பழி போட வேறு ஆளைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, நாந்தான் வெசம் வெச்சுக் கொன்னேங்கறாங்க. எங்கூட்டுக் கெணத்துல ஒருத்தரும் தண்ணி சேந்தறதில்லீங்க. கடலை புடுங்க ஒரு ஆளு வர மாட்டேங்குது. சர்க்காரு காயிதம் ஒண்ணு குடுத்தீங்கன்னா ஊரு ஒத்துக்குமுங்க" என்றார்.

நாரைகள் கிடந்த கோலம் எனக்குப் பழக்கமானது. மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டுமே தின்று, வைட்டமின் பி-1 குறைந்த கோழிகள் இப்படித்தான் கழுத்தை வளைத்துக்கொண்டு கிடக்கும். நாரை அரிசியா தின்கிறது? அவரிடமே கேட்டேன். ஏரி வற்றிச் சேற்றில் ஒரே ஜாதிச் சிறு மீன்தான் மிஞ்சியிருக்கிறது, பறவைகள் அதைத்தான் தின்கின்றன என்றார். சில மீன்களைப் பச்சையாகத் தின்றுகொண்டே இருந்தால் உடம்பில் அந்த வைட்டமின் அழிந்துபோகும் என்று எங்கள் அலமாரிப் புத்தகத்திலேயே இருந்தது.

இருந்த வைட்டமின் மருந்தை ஊசியில் ஏற்றிப் போட்டேன். ஒரு கூடைக்குத்தான் வந்தது. சாயங்காலத்துக்குள் அந்தக் கூடையில் தலைகள் நிமிர்ந்தன. மறுநாள் காலையில் எழுந்து நின்று என் கையையே கொத்தின. மற்றக் கூடையில் இருந்தவை அத்தனையும் செத்துப்போயிருந்தன. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

அதிகாரிக்கு வேண்டியிருந்தது. செத்தவற்றை மட்டும் அறுத்துப் பார்த்தார். வயிற்றில் ஒன்றும் அகப்படவில்லை. அந்தத் தூள் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் வசதியும் எங்களிடம் இல்லை. அதனால் முடிவு என்ற தலைப்பின் கீழ், நஞ்சு இல்லை என்று சொல்ல இயலவில்லை என எழுதினார்.

"பிழைச்ச நாரைகளைப் பத்தி ஒண்ணுமே இல்லையே சார்?" என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கிறது சாம்பிள் ஆகாதும்மா. நீ ஊசி போட்டது வைத்தியம். இது ஆஸ்பத்திரி இல்ல. வைத்தியத்தை எல்லாம் அறிக்கையில எழுத முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிழைத்தவற்றைப் பற்றி நான் எழுதிச் சேர்த்த வரியையும் என் கண் முன்னாலேயே அடித்தார். உண்மையைச் சொல்ல ஒரு பறவை செத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அது என்ன விஞ்ஞானம்? கேட்டும் பார்த்தேன். "உணர்ச்சிவசப்படாதே" என்றார். பெண்பிள்ளை கேள்வி கேட்டால் அதற்குப் பெயர் உணர்ச்சி.

அறிக்கை பஞ்சாயத்துக்குப் போனது. பள்ளிக்கூட வாத்தியார் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாராம். நஞ்சு இல்லை என்று சர்க்காராலேயே சொல்ல முடியவில்லை என்றால், ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும், பிழைத்த நாரைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு மல்லசமுத்திரம் பஸ் ஏறினேன். கண்டக்டர் வழி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் ஊர்ப் பெரியவர் முன்னால் கூடையைத் திறந்துவிட்டேன். ஒவ்வொன்றாக எழும்பி மரத்துக்குப் போயின. எந்த ஊசியால் எழுந்தன, எதைத் தின்று விழுந்தன என்று தொண்டை வறளச் சொன்னேன்.

பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். "பறக்கறது எங்களுக்கும் தெரியுதுங்க அம்மிணி. ஆனாக் காயிதத்துல இந்தச் சங்கதி ஒண்ணும் இல்லீங்களே. நீங்க முத்திரை வெச்சு ஒண்ணு எழுதிக் குடுங்க, இப்பவே ஆளுகளைக் கடலை புடுங்க அனுப்பறேன்."

என்னிடம் முத்திரை ஏது? விவசாயி என்னைப் பார்த்து, "உடுங்க அம்மிணி, நாரை பொழச்சுதுங்களே" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல அவர் வேண்டியிருந்தது.

பிடுங்க ஆள் வராமல் மண் இறுகி, அவர் கடலையில் பாதி நிலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த மழைக்கு ஏரி நிரம்பியும் நாரைகள் கொஞ்சமாகத்தான் வந்தன. அதற்கடுத்த வருஷம் அதுவும் இல்லை. ஏரிக்குள் கிணறு வெட்டியவர்களையும் கரை மரங்களை விறகுக்கு ஏலம் விட்டவர்களையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் அவரையே சொன்னார்கள். தோட்டத்தை வந்த விலைக்கு விற்றுவிட்டு, குடும்பத்தோடு நாமகிரிப்பேட்டைப் பக்கம் கூலிக்குப் போய்விட்டார்.

அந்த அறிக்கையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.