இடப்பக்கக் கைப்பிடி

பேய், ஆவி, செய்வினை இவற்றில் ஒன்றையும் நான் நம்பியதில்லை. யாராவது அப்படிக் கதை சொன்னால் எத்தனை மணி, யார் பக்கத்தில் இருந்தது, விளக்கு எரிந்ததா என்று கேட்டுக் கதையைக் கெடுக்கிறவன் நான். இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். மழை தொடங்கிய நேரத்தையும் பஸ் பிந்திய நிமிடத்தையும்கூடக் குறித்து வைப்பேன். ஆகவே நான் இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் குறை சொல்லமாட்டேன். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு. இத்தாலியின் பலேர்மோ நகரில், ஒரேத்தோப் பக்கம் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த சிஞ்ஞோர் ரொசாரியோ என்பவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வயது எழுபத்து நாலு. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவி இறந்து கனகாலம். இரண்டு கைகளும் ஓயாமல் நடுங்கும், கோப்பிக் கோப்பையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். ஒரு காலத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொண்டவர். அதற்கான தோட்டாக்களைக் கடையில் வாங்காமல், சுட்டுக் கழிந்த பித்தளைக் கோதுகளில் மறுபடி வெடிமருந்தும் ஈயக் குண்டும் இட்டு வீட்டிலேயே செய்துகொள்வார். உரிமப் பத்திரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தோட்டாவுக்குப் பயந்து மன்னாரைவிட்டு ஓடிவந்த எனக்கு அந்த வேலை கிடைத்ததைச் சொல்லிச் சொல்லி என் மனைவி செல்வி சிரிப்பாள். "கடல் தாண்டி வந்தும் உங்களுக்கு உதுதானே வாய்ச்சது!"

அவருக்கு ஒரே மகன், நீனோ. அவன் ஐந்து வருடங்களுக்கு முன், ஒக்டோபர் மாதத்து மழை நாளொன்றில், மொண்டெல்லோ போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்துபோனான். நான் அவனைக் கண்டதில்லை. வரவேற்பறைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன், இடக்கையால் சிகரெட் பிடித்தபடி சிரிப்பான். அடக்கம் முடிந்த மறுநாள் கிழவர் தோட்டா செய்யும் பிரெஸ்ஸையும் ஸ்பனர் முதலான கருவிகள் இருந்த பெட்டியையும் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டார். மேசையையும், ஐம்பது துளையிட்ட மரக்கட்டையையும், அதில் நின்ற இருபத்தேழு வெற்றுக் கோதுகளையும், நீனோவின் கொப்பியையும் மட்டும் வைத்துக்கொண்டார். அந்தக் கொப்பியில் மருந்தின் அளவும் தேதியும் வரிசையாக இருக்கும். தேதி எழுதுகிறவன் என்பதால் அதை நான் ஆசையோடு புரட்டுவேன். ஒவ்வொரு வரியின் மேலும் நீல மை ஈரத்தில் இழுபட்டு நிழல் விழுந்திருக்கும். இடக்கைக்காரன் எழுதினால் அப்படித்தான். எழுதிய சொல்லின் மேலேயே கை உரசிக்கொண்டு போகும்.

அந்த வருடம் செப்டம்பரில் ஒரு பின்னேரம் கிழவர் திடீரென்று சொன்னார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன். ஜோர்ஜோ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"ஜோர்ஜோ, எனக்கொரு பிரெஸ் வேணும். அந்த இருபத்தேழையும் முடிக்கவேணும். மரித்தோர் திருநாளுக்கு முதல் வேணும்."

"உந்தக் கையோடையா, சிஞ்ஞோரே?"

"உன்ரை கை இருக்குத்தானே."

துறைமுகத்துக்குப் பின்தெருவில் வேட்டைச் சாமான் விற்கும் கடையொன்று இருந்தது. கடைக்காரன் ஆங்கிலத்தில் அச்சிட்ட விலைப்பட்டியல்களைக் கொடுத்துவிட்டான். நான் ஆங்கிலம் படித்தவன் என்பதால் ஒவ்வொரு பின்னேரமும் அவற்றை வாசித்துக் காட்டினேன். ஒன்று, கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் நாலைந்து வேலைகளையும் சேர்த்துச் செய்துவிடும் வகை. கடைக்காரன் அதைத்தான் தலையில் கட்டப் பார்த்தான். கிழவர் மறுத்துவிட்டார். "எல்லாத்தையும் ஒண்டாச் செய்தால் நான் எதைப் பார்க்கிறது?" அவருக்கு வேண்டியது ஒற்றை வேலைப் பிரெஸ். ஒரு இழுவைக்கு ஒரு கோது, ஒரே ஒரு வேலை. மருந்தைக் கையால் அளந்து தனியாக இட்டு, கண்ணால் பார்த்தபின்தான் ஈயத்தை இறக்கி அழுத்த வேண்டும்.

அதிலும் மூன்று இருந்தன. அலுமினியத்தில் செய்த, முன்பக்கம் திறந்த சட்டம் மலிவு, ஆனால் அழுத்தும்போது சட்டம் வளையும் என்றார். நாலு பக்கமும் மூடிய வார்ப்பிரும்புச் சட்டம் அசையாது. அதில் நல்லது ஒன்றைக் காட்டினேன், கைப்பிடி வலப்பக்கம் மட்டும். வேண்டாம் என்றார். இன்னொன்று விலை கூட, எடை கூட, வந்துசேர ஆறு கிழமை, ஆனால் கைப்பிடியைக் கழற்றி இடப்பக்கமும் பூட்டலாம்.

"அதுதான்," என்றார்.

கடைக்காரன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்கள் வலக்கைக்காரன்தானே, ரொசாரியோ?"

"நான் வலக்கைக்காரன்தான்," என்றார்.

பிரெஸ் ஒக்டோபர் கடைசியில் வந்தது. நவம்பர் முதலாம் தேதி, சகல புனிதர் திருநாள் பின்னேரம், என்னுடைய ஸ்பனரைக் கொண்டுபோய் அதை மேசையில் பூட்டினேன். அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, "கைப்பிடி இடப்பக்கம், மறக்காதை," என்றார். நான் மறக்கவில்லை. ஆனாலும் வலப்பக்கமே பூட்டினேன். ஏன் என்று கேட்டால், எங்கள் வளர்ப்பு அப்படி. சின்ன வயதில் இடக்கையால் சோற்றைத் தொட்டால் அடி, இடக்கையால் எதையும் நீட்டினால் அவமரியாதை. இழுக்கப்போவது என் கை, செத்துப்போன பிள்ளை தொடங்கிய வேலை, அதை இடக்கையால் செய்வதா என்று மனம் ஒப்பவில்லை. கிழவருக்கு ஏதோ தடுமாற்றம் என்று எண்ணினேன்.

பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்க இருபத்தேழு கோதுகளிலும் மருந்தை அளந்து இட்டேன். ஒவ்வொன்றாக டோர்ச் அடித்து இரண்டு தடவை பார்த்தார். துணியால் மூடினோம். அப்போதுதான் கைப்பிடியைக் கண்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"அவன் எப்பிடி இழுப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

நேரம் பிந்திவிட்டதால், நாளைக்கு வந்து மாற்றிவிடுகிறேன் என்று சொல்லி, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். ஸ்பனர் என் மேலங்கிப் பையில் இருந்தது. நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் வீட்டில் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து செல்வியிடம் ஏச்சு வாங்கினேன். "சோறு தின்னிற இடத்திலையே இரும்பை வைக்கிறது? விசரே உங்களுக்கு?" அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் மரித்தோர் திருநாள். கல்லறைக்குக் கூட்டிப்போவதற்காக ஒன்பதே முக்காலுக்கு செவ்வந்திப் பூக்களோடு போனேன். கதவை என் திறப்பால் திறந்தேன். மற்றத் திறப்பு கிழவரிடம், மூன்றாவது கிடையாது. அவர் இன்னும் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் நேரே அந்த அறைக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தேன். நல்ல வெயில்.

கைப்பிடி இடப்பக்கம் இருந்தது.

கைப்பிடியை இறுக்கும் திருகாணியைக் கையால் பிடித்துத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. ஸ்பனர் என் பையில் கனத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் வேறு ஸ்பனர் இல்லை. கோப்பை தூக்க முடியாத கைகளால் அந்த ஆணியைக் கழற்றவும் முடியாது, இறுக்கவும் முடியாது.

கிழவர் சவர்க்கார நுரையோடு வாசலில் வந்து நின்றார். "நன்றி, ஜோர்ஜோ. விடியவே வந்திட்டாய் போலை."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. "நான் இப்பத்தான் வாறன், சிஞ்ஞோரே. நான் தொடேல்லை."

அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பலேர்மோவில் அந்த நாளுக்கு ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் இறந்தவர்கள் முதல்நாள் இரவு வந்து பிள்ளைகளுக்குப் பரிசும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்பார்கள்.

"அது பிள்ளையளுக்கு," என்றார். "நான் கிழவன். எனக்கென்னத்துக்கு?"

மேசைக்கு முன் இரண்டு முக்காலிகள் இருந்தன. அவர் வலப்பக்கத்தில் உட்கார்ந்து, மற்றதைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். என்னோடு அல்ல, காலியாக இருந்த அந்த முக்காலியோடு. நீனோ இறந்த அன்றைக்கும் தகப்பனும் மகனும் இப்படித்தான் இருந்தார்களாம். அவர் மருந்தை அளந்து இடுவார், நீனோ பிரெஸ்ஸை இழுப்பான். இருபத்துமூன்று முடிந்தது. இருபத்துநாலாவது கோதில் மருந்து இரண்டு மடங்கு இருந்ததைக் கண்டார். அதைச் சுட்டிருந்தால் துப்பாக்கி முகத்திலேயே வெடித்திருக்கும். கட்டையை நீ தொட்டாய், நீதான் இட்டாய், என்னைக் கொல்லப் பார்க்கிறாய், இனி என் பிரெஸ்ஸில் கை வைக்காதே என்று கத்தினார். அவன் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனான். அவன் போன பிறகுதான் நினைவு வந்ததாம், நடுவில் தொலைபேசி அடித்தது, எழுந்துபோய்ப் பேசிவிட்டு வந்து அதே கோதில் மறுபடி இட்டது தான்தான் என்று. வந்ததும் சொல்லலாம் என்று காத்திருந்தார். பொலிஸ்தான் வந்தது.

"நீனோ, அதைப் போட்டது நான்தான்," என்றார். "நீயில்லை. நான்தான்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்சம் பொறுத்து, "வா, இழு," என்று என்னைக் கூப்பிட்டார். இடப்பக்க முக்காலியில் இருந்து, வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வேலையை இடக்கையால் செய்தேன். அவர் நடுங்கும் விரல்களால் ஒவ்வொன்றாக நீட்டினார். முதல் இரண்டும் கோணலாக, தட்டித் தடவித்தான் இறங்கின. மூன்றாவதில் கைப்பிடி இலகுவாகிவிட்டது. பழகிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம், நானும் அப்படித்தான் எழுதி வைத்தேன். ஆனால் மிச்சம் இருபத்தைந்தையும் நான் இழுத்தேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. என் கை அதோடு கூடப் போய்வந்தது, அவ்வளவுதான். கிழவர் சத்தமில்லாமல் அழுதுகொண்டே எண்ணினார். இருபத்தேழு என்றதும் கட்டையைத் துணியால் மூடினார். பிறகு கல்லறைக்குப் போனோம். அந்தத் தோட்டாக்களில் ஒன்றைக்கூட அவர் சுடவில்லை. மறு வருடம் உயிர்த்த ஞாயிறுக்குச் சில நாட்கள் முன் நித்திரையிலேயே போய்விட்டார்.

இதற்கெல்லாம் ஒரு காரணம் கண்டுபிடிக்கலாம். கிழவரிடம் எங்கோ ஒரு ஸ்பனர் இருந்திருக்கலாம், ஆத்திரத்தில் கைக்கு ஒரு பலம் வந்திருக்கலாம். இவ்வளவு காலமும் அப்படியே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். சமாதானம் சொல்ல முடியாதது என் நாட்குறிப்பில் இருக்கிறது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, மைப்பேனையால் நடந்ததையெல்லாம் எழுதி, வழக்கம்போல மை காயும்வரை பொறுத்து மூடினேன். காலையில் திறந்தபோது ஒரு வரி இழுபட்டிருந்தது.

"ஈரம் காயமுதல் மூடியிருப்பியள்," என்றாள் செல்வி. அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது. நான் வலக்கையால் எழுதுகிறவன். அதற்கு முன்னும் பின்னும் உள்ள கொப்பிகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன், எங்கும் அப்படி ஒரு கறை இல்லை. அந்தப் பக்கத்திலும் மேலே உள்ள வரிகள் சுத்தம், கீழே உள்ளவை சுத்தம். கிழவர் மகனிடம் சொன்னதை எழுதிய அந்த ஒரு வரியின் மேல் மட்டும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒரு கை மெதுவாக உரசிக்கொண்டு போயிருக்கிறது.