என் கைக்கு எட்டும் மேசை

எங்கள் வீட்டில் ஒரு மேசையின் அகலத்துக்காக இருபது நாள் சண்டை நடந்தது. சொத்துத் தகராறுகூட அத்தனை நாள் நீண்டதில்லை. நாலடியா, ரெண்டரை அடியா என்பதுதான் வழக்கு. நாலடி என்று நின்றவன் என் அண்ணன். ரெண்டரைக்கு மேல் ஒரு நூல் ஏறக் கூடாது என்று நின்றவள் நான்.

சாப்பிடுகிற மேசை இல்லை, சண்டை போடுகிற மேசை. அதன் மேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, அளந்து அளந்து நகர்த்தி, ஒரு முழுப் போரையும் நடத்துவோம். எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு, அண்ணனுக்கு இருபத்தெட்டு. இந்த வயசில் பொம்மை என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்காத ஆள் பாலக்கோட்டில் பாக்கியில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். சாயங்காலம் முழுக்க டீக்கடை பெஞ்சைத் தேய்க்கிறவர்களை யாராவது வயசு கேட்டார்களா?

இந்தப் பைத்தியத்தைக் கொண்டுவந்தவன் அண்ணன். சர்க்கரை ஆலையில் வேலை அவனுக்கு. ஆலை விஷயமாக பெங்களூர் போனவன், அங்கே நடைபாதைப் பழைய புத்தகக் குவியலில் அட்டை கிழிந்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பொறுக்கி வந்தான். பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடுவது எப்படி என்று படத்தோடு போட்டிருந்தது. அவனுக்கு இங்கிலீஷ் ததிங்கிணத்தோம். எனக்கு நன்றாக வரும், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பக்கம் பக்கமாகத் தமிழில் அடித்துக் கொடுத்தேன். மாதா கோயில் திருவிழாக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகப் பிளாஸ்டிக் சிப்பாய் வாங்கினோம். எல்லாம் ஒரே பச்சை. பாதிப் பேருக்குச் சட்டையில் நகப்பாலிஷ் தடவியதும் சிவப்புச் சட்டைக் கும்பினிப் படை ரெடி. மிச்சம் இருந்த பச்சை, மைசூர்ப் படை. ரெண்டு படையும் ஒரு காலத்தில் எங்கள் பக்கத்துக் கணவாய்களில் நிஜமாகவே அடித்துக்கொண்டவைதான். மைசூர் எப்போதும் எனக்கு.

கிறிஸ்துமஸ் குடிலுக்கு அம்மா சேர்த்து வைத்திருந்த சாயக் காகிதத்தைக் கசக்கி மலை செய்தோம். பச்சைச் சாயம் போட்ட மரத்தூள் காடானது. அம்மா கத்தினாள். குழந்தை இயேசு பிறக்கிற இடத்தில் பீரங்கியா என்றாள்.

ஒரு வருசம் கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஆடினோம். அங்கேதான் தொல்லை. மூணு வயசில் இளம்பிள்ளை வாதம் வந்து என் வலது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை மாட்டிய பூட்ஸும் அக்குள் கட்டையுமாக நடப்பேன், இன்ஸ்டிட்யூட்டின் பதினெட்டுப் படியும் ஏறுவேன். ஆனால் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது பெரும்பாடு. அதனால் நான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வேன், அண்ணன் தரையில் மண்டி போட்டு ரெண்டு படையையும் நகர்த்துவான். "குதிரையெல்லாம் மலைக்கு இந்தாண்ட," என்பேன். "வெச்சாச்சு பாப்பா," என்பான். இருபத்து நாலு வயசிலும் நான் பாப்பா!

பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு. இன்ஸ்டிட்யூட்டில் வந்து அலட்டிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆடி, ஜெயித்து, கை கழுவப் புழக்கடைக்குப் போனேன். சமையல்கட்டு ஜன்னல் வழியாக அண்ணன் குரல் கேட்டது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் கொஞ்சம் தள்ளி வெச்சுத்தாம்மா அவள ஜெயிக்க வுடறேன். ஜெயிச்சாத்தான் ரெண்டு வாய் சேத்துத் திங்கறா. பாவம், அவளுக்கு வேற என்னா இருக்குது?"

கையில் தண்ணீர்ச் சொம்பு அப்படியே நின்றது. பாவமாம்! ஒரு வருசமாக நான் பிடித்த மலையெல்லாம் அவன் போட்ட பிச்சை. அவன் கெட்டவன் இல்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். அதனால்தான் வயிறு எரிந்தது. கெட்டவனாக இருந்தால் நாலு திட்டு திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்: "இனிமே தரையில ஆட்டம் கெடயாது. மேசை வேணும். என் படைய என் கையால நான்தான் நகத்துவேன்."

அண்ணனுக்கு ஒரே குஷி. கொல்லையில் காற்றுக்கு விழுந்த வேப்பமரத்தை அப்பா அறுத்துப் பலகையாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு மேசைக்குத்தான் வரும். "ஆறுக்கு நாலு," என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இதுல போட்டிருக்குது பாரு. அதுக்குக் கொறஞ்சா படைக்கு எடமே பத்தாது."

அதே பக்கத்தில் கீழே இன்னொரு வரி இருந்தது. மேசையின் நடுப்பகுதி ஆடுகிறவர் கைக்கு எட்ட வேண்டும் என்று. அதைக் காட்டினேன்.

"எட்டுமே," என்றான்.

"யாரு கைக்கு?"

புத்தகத்தை மூடினான். அவன் ஆறடி ஆள். எட்டாவிட்டால் ரெண்டு எட்டு வைத்து மேசையைச் சுற்றி வருவான். அந்தப் புத்தகத்தை எழுதினவனும் அப்படித்தான் சுற்றி வந்திருப்பான். நான் ஒவ்வொரு தடவையும் கட்டையை ஊன்றி எழுந்து, சுற்றிப் போய், உட்கார்ந்து, திரும்பி வருவதற்குள் கும்பினிக்காரன் ஸ்ரீரங்கப்பட்டணமே போய்விடுவான். கடைசியில் என்ன ஆகும்? "நீ உக்காரு பாப்பா, நான் வெக்கறேன்." மறுபடியும் அதே கதைதான்.

நாற்காலியைச் சுவரோரம் பக்கவாட்டில் போட்டு உட்கார்ந்து, சாக்பீஸோடு கையை நீட்டி, எட்டின இடத்தில் சுவரில் கோடு கிழித்தேன். கொஞ்சம் சாய்ந்தால் முப்பது அங்குலம். ரெண்டரை அடி. நடுவில் உட்கார்ந்தால் இடப்பக்கம் ரெண்டரை, வலப்பக்கம் ரெண்டரை, நீளம் அஞ்சடி. முடிந்தது கணக்கு.

"இதுல என்னா போர் நடத்தறது? கோழிச்சண்டைதான் நடக்கும்," என்றான் அண்ணன். "பீரங்கி முப்பத்தாறு அங்குலம் சுடும். இந்தக் கோடியில சுட்டா அந்தாண்ட சமையல்கட்டுல வுழும்."

"அங்குலத்த வுட்டுரு. வெரக்கடைல அளக்கலாம்."

"யாரு வெரலு?"

"என்னுது!"

என் ஒரு விரல் அகலம் முக்கால் அங்குலம். அந்தக் கணக்கில் என் மேசை நீளம் எண்பது விரக்கடை, அகலம் நாற்பது. அவனுடைய ஆறுக்கு நாலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவனும் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஆனாலும் விடவில்லை. "எதிர்ப்பக்கத்து ரெண்டு மூலையும் உனக்கு எட்டாது, அதுக்கு என்னா பண்ணுவ?" என்றான்.

"ஒரு மூலைல ஏரி. இன்னொரு மூலைல பாறை. சிப்பாய் அங்க போக முடியாது."

"அதெப்பிடி, உனக்கு எட்டாத எடத்துலயே ஏரி வரும்?"

"ஊர்ல இருக்கற ஏரியெல்லாம் உன்னக் கேட்டுட்டா வெட்டுனாங்க?"

இப்படியே இருபது நாள். நடுவில் அம்மா வேறு, வருகிற போகிறவர்களுக்குச் சோறு போட ஒரு மேசை இல்லாத வீட்டில் இது ஒரு கேடா என்று ஆரம்பித்தாள். சரி, மேலே ஒரு மூடி போட்டுக்கொள்ளலாம், மூடினால் சாப்பாட்டு மேசை, திறந்தால் போர்க்களம் என்று அவளைச் சமாதானம் செய்தேன். கடைசியில் அப்பாதான் தீர்ப்புச் சொன்னார். "மரம் என்னுது. அவ சொல்ற அளவுக்கே செய்யட்டும்," என்று சொல்லிவிட்டுத் தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் சீட்டு எழுதினேன். நீளம் அஞ்சடி. அகலம் ரெண்டரை அடி. நாலு பக்கமும் ஓரம் எழும்பி நிற்க வேண்டும், பகடை உருண்டு கீழே விழாமல் இருக்கத்தான். மேலே கழற்றி மாட்டுகிற மாதிரி மூடி. பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சீட்டோடு, பக்கத்து ஊர் ஆசாரியிடம் அண்ணன் போனான். தோற்றுப்போன கடுப்பில் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, சீட்டை நீட்டி, "இதே அளவுக்குச் செஞ்சிருங்க, சீக்கிரம் வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

மறுநாள் பத்து மணி வாக்கில் வாசலில் ஆள் சத்தம். கட்டையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். ஆசாரி நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் ரெண்டு அடி பின்னால் போனார்.

"யம்மா... நீயி..."

"என்னாங்க, பேயப் பாத்தாப்ல நிக்கறீங்க?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். எங்கள் கோயில்காரர்கள் வீட்டில் யார் செத்தாலும் அடக்கத்துக்குச் சவப்பெட்டி செய்கிறவர் அவர்தான். சீட்டைப் பார்த்திருக்கிறார். அஞ்சடி நீளம், நாலு பக்கம் எழும்பின பலகை, மூடி. கொண்டுவந்தவன் முகத்தில் ஈயாடவில்லை, சீக்கிரம் வேணும் என்கிறான்.

"உங்க வூட்ல மத்தவங்கெல்லாம் ஒசரமுங்க. அஞ்சடின்னா நீதான்னு நெனச்சுட்டம்மா. அகலம் சாஸ்தியா இருக்குதேன்னு பாத்தேன். செரி, கட்டையவும் கூடவே வெக்கறாங்களோன்னு... எங்கூட்டுக்காரி நேத்துலருந்து சோறு திங்கல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "நான் சாவலீங்க," என்றேன். "மேசைங்க அது. மேசை!"

"மேசைன்னா கால் எங்கம்மா எழுதியிருக்குற?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். எல்லாம் எழுதினவள் காலை எழுத மறந்துவிட்டேன். எங்கள் வீட்டில் காலைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை, எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்குள் அம்மா வெளியே வந்து விஷயம் தெரிந்து ஒப்பாரியே வைத்துவிட்டாள். பெற்ற மகளுக்குப் பெட்டி அளவு கொடுத்த வாசலா இது என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அளவே வேண்டாம், ஆறுக்கு நாலாகவே மாற்றிவிடுங்கள் என்று ஆசாரியிடம் கெஞ்சினாள். அண்ணன் உள்ளே இருந்து ஓடி வந்தான். முகத்தில் பதற்றமும் இருந்தது, நாலடி திரும்பி வருகிற சந்தோசமும் இருந்தது. எனக்கா தெரியாது?

"ஆமா பாப்பா, அபசகுனமாப் போச்சு. மாத்திரலாம்."

வந்தது பாருங்கள் கோபம்! கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "செத்தா எனக்கு எத்தினி அடி வேணும்னு எல்லாரும் கணக்காத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. உசுரோட இருக்கறப்ப எனக்கு எத்தினி அடி வேணும்னு நான் சொன்னா ஒருத்தருக்கும் காதுல வுழ மாட்டேங்குது. அஞ்சுக்கு ரெண்டரை. அதே பலகை. காலு நாலு, ஒசரம் ரெண்டேகால் அடி. எழுதிக்கோங்க."

ஆசாரி யாரையும் பார்க்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து அந்தச் சீட்டிலேயே எழுதிக்கொண்டார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்.

எட்டாம் நாள் மேசை வந்தது. அம்மா அதன் மேல் கோயில் தீர்த்தத்தைத் தெளித்தாள், ஒரு தடவைக்கு மூணு தடவையாக. தெளிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூடியைக் கழற்றி, மலையையும் காட்டையும் வைத்தோம். மூலைகளில் என் ஏரியும் பாறையும் உட்கார்ந்தன. அண்ணன் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டான்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோண்ணா," என்றேன். "அன்னிக்கு அம்மாகிட்ட நீ சொன்னது எனக்குக் கேட்டுருச்சு. இன்னிக்கு நீ ஒரு வெரக்கடை வுட்டுக்குடுத்தேன்னு தெரிஞ்சாலும், இந்த மேசைய அப்பிடியே அடுப்புல வெச்சுருவேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. ஏதோ சொல்ல வந்தான். "உருட்டு," என்றேன்.

ரெண்டு மணி நேரம். ஒவ்வொரு சிப்பாயையும் என் விரலால் அளந்து என் விரலால் நகர்த்தினேன். ஒரு தடவை ஏரிக்கரை ஓரத்தில் என் குதிரைக்குக் கை கொஞ்சம் எட்டவில்லை. பழக்க தோசத்தில் அண்ணன் கையை நீட்டினான். ஸ்கேலால் மணிக்கட்டில் ஒன்று வைத்தேன். எழுந்து, இடது கையை மேசையில் ஊன்றி, சாய்ந்து, நானே வைத்தேன். வேப்பம்பலகை கிறீச்சென்றது, தாங்கிக்கொண்டது.

ஏரிக்கும் மலைக்கும் நடுவிலிருந்த சந்தில் குதிரைப்படை முழுவதையும் விட்டேன். புத்தியுள்ளவன் செய்ய மாட்டான். மலைக்குப் பின்னால் அவன் நூல்கண்டுக் கட்டையில் செய்த பீரங்கி மூன்றையும் ஒளித்து வைத்திருந்தான், நான் பார்க்கவில்லை. பகடையை உருட்டினான், ஆறு. மறுபடி உருட்டினான், அஞ்சு. என் குதிரை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்புறம் அவன் சிவப்புச் சட்டைகள் என் முகாமுக்குள் நேராக வந்து நின்றன.

அண்ணன் பகடையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். பயந்துபோயிருந்தான். சமையல்கட்டிலிருந்து அம்மா, "முடிஞ்சுதா? யாரு ஜெயிச்சது?" என்று குரல் கொடுத்தாள். அவன் வாயைத் திறந்தான். பொய் சொல்லத்தான் திறந்தான், எனக்குத் தெரியும்.

"நான் தோத்துட்டேம்மா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "நானே தோத்துட்டேன்!"

அம்மா கரண்டியோடு ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மூடியை எடுத்து மேசையில் போட்டு, தட்டு வைத்தாள். அன்றைக்கு மூணு உருண்டை ராகிக் களி தின்றேன்.